சீருடை மாறிய கதை

பாட முன்னுரை

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் செல்லும் சாலையில் மாநில எல்லை குறுக்கிடுகிறது. எல்லைக்கு இப்பால் கேரளக் காவலர். அப்பால் தமிழ்நாட்டுக் காவலர். மொழியும் மாநிலமும் வேறாயினும் இருவர் உடையும் காக்கியே. திருவனந்தபுரம் பாங்கோட்டிலுள்ள இராணுவ முகாமின் வீரர்களோ பச்சையும் மண்ணிறமும் கலந்த உடை அணிகின்றனர். காக்கி எங்கிருந்து வந்தது? படைவீரர் அதனை ஏன் கைவிட்டனர்? சீருடையை மாற்றும்போது எதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடைகளை இப்பாடம் கூறுகிறது.

அடையாளம் காட்டிய பூக்கள்

போர்க்களத்தில் ஒரு வீரன் முதலில் அறிய வேண்டியது, எதிரே நிற்பவன் நண்பனா பகைவனா என்பதே. சீருடை தோன்றுவதற்கு முன்பே தமிழர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். அவர்கள் பூச்சூடிப் போரிட்டனர். சேரர் பனம்பூவையும், சோழர் ஆத்திப்பூவையும், பாண்டியர் வேப்பம்பூவையும் தத்தம் அடையாளப் பூக்களாகக் கொண்டிருந்தனர்.

எந்நாட்டவர் என்பதை மட்டுமன்றி, என்ன நோக்கத்தோடு போரிடுகின்றனர் என்பதையும் பூக்கள் உணர்த்தின. பகைவரின் ஆநிரைகளைக் கவரச் செல்வோர் வெட்சிப்பூச் சூடினர். மதிலை முற்றுகையிடுவோர் உழிஞையும், மதிலைக் காப்போர் நொச்சியும் சூடினர். நேருக்கு நேர் நின்று பொருவோர்க்குத் தும்பை, வென்றோர்க்கு வாகை. புறத்திணைகள் இப்பூக்களின் பெயர்களையே பெற்றுள்ளன.

இவற்றுட் சில நெய்யாற்றின்கரைப் பகுதி மாணவர்க்குப் புதியவை அல்ல. கோயில்களில் வழிபாட்டிற்குப் பயன்படும் தெச்சிப்பூவே வெட்சி. ஓணப் பூக்களத்தில் இடம்பெறும் சின்னஞ்சிறு வெண்பூவே தும்பை. இன்று வழிபாட்டிற்கும் விழாவிற்கும் உரிய மலர்கள், அன்று வீரர்களின் அடையாளங்களாய் விளங்கின.

புகையும் செந்நிறமும்

வெடிமருந்து பரவிய பின் போர்முறை மாறியது. பழைய கரிய வெடிமருந்து எரியும்போது மிகுதியான புகையை வெளியிடும். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் ஒருங்கே வெடித்தால் களம் முழுவதும் வெண்புகை சூழும். அப்புகைக்கிடையே தன் படை எங்கே நிற்கிறது என்பதைத் தலைவன் அறிய வேண்டும். ஆதலால் ஐரோப்பிய நாடுகள் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் தம் படைகளுக்கு உடை அளித்தன. ஆங்கிலேயரின் சிவப்புச் சட்டை அவற்றுள் புகழ்பெற்றது. அக்காலத் துப்பாக்கிகள் நெடுந்தொலைவு குறிதவறாது சுடவல்லவை அல்ல. எனவே, பளிச்சிடும் நிறத்தால் விளையும் தீங்கைவிட நன்மையே மிகுதியாக இருந்தது.

இத்தகைய ஐரோப்பியப் போர்முறை தென்திருவிதாங்கூருக்கு வந்ததற்கு ஒரு போர் காரணமாயிற்று. 1741 ஆம் ஆண்டில் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வென்றது. அப்போது சிறைப்பட்ட டி லனாய் என்னும் படைத்தலைவர், பின்னர்த் திருவிதாங்கூர் அரசிலேயே பணியேற்றார். வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறை இன்றும் உள்ளது. திருவிதாங்கூர்ப் படையின் மரபு, இந்திய இராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த 9 ஆம் பட்டாலியனில் தொடர்கிறது.

வேலூரில் ஒரு தலைப்பாகை

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் தமிழரும் தெலுங்கரும் பிறரும் சிப்பாய்களாகப் பணியாற்றினர். சிவப்புச் சட்டை அணிந்தபோதும், தலைக்குத் தம் வழக்கப்படி தலைப்பாகை கட்டினர். நெற்றியில் சமயக் குறிகளை இட்டனர். காதணிகளும் அணிந்தனர்.

1805 ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் சர் ஜான் கிரடாக். படை முழுவதும் ஒரே தோற்றத்துடன் இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதன்படி புதிய ஆணைகள் பிறந்தன. சீருடையில் இருக்கும்போது சமயக் குறிகள் இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகத் திருத்த வேண்டும். இவற்றோடு புதிய தலைப்பாகை ஒன்றும் வந்தது. அது ஐரோப்பியர் அணியும் தொப்பியை ஒத்திருந்தது. அதன் முகப்பில் தோலால் ஆன அணி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது.

தளபதிக்கு அது வெறும் தொப்பி. சிப்பாய்களுக்கோ அவ்வாறு தோன்றவில்லை. அத்தோல் எவ்விலங்கினுடையது என்னும் ஐயம் இந்துக்களையும் இசுலாமியரையும் ஒருசேர வருத்தியது. தொப்பியை அடுத்து மதத்தையும் மாற்றச் சொல்வார்களோ என்னும் அச்சமும் பரவியது. குறைந்த ஊதியம், பதவி உயர்வின்மை முதலிய பழைய மனக்குறைகளும் இவற்றுடன் சேர்ந்தன.

1806 ஆம் ஆண்டு மே மாதத்தில், வேலூரில் இருந்த ஒரு படைப்பிரிவினர் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தனர். அவர்கள் கூறியதைக் கேட்டு ஆராய்வதற்கு மாறாக, 21 பேர் மீது விசாரணை நடைபெற்றது. ஓர் இந்துவுக்கும் ஓர் இசுலாமியருக்கும் தலைக்கு 900 கசையடிகள் விதிக்கப்பட்டன. எஞ்சிய 19 பேருக்கு விதிக்கப்பட்ட 500 கசையடிகள், அவர்கள் மன்னிப்பு வேண்டிய பின் நீக்கப்பட்டன. எதிர்ப்பு அடங்கிற்று என அதிகாரிகள் எண்ணினர்.

அது அடங்கவில்லை. 1806 ஜூலை 10 ஆம் நாள் விடியலுக்கு முன், வேலூர்க் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் உயிரிழந்தனர். அக்கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்களைச் சார்ந்து புதிய ஆட்சி காண அவர்கள் முயன்றனர். ஆனால் காலைப்பொழுது முடிவதற்குள் ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி என்பவர் குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அன்றே கொல்லப்பட்டனர். பின்னரும் பலர் தண்டிக்கப்பட்டனர்.

இறுதியில் அந்தத் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. தளபதி கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் இங்கிலாந்திற்குத் திரும்ப அழைக்கப்பட்டனர். மே மாதத்திலேயே வீரர்களின் சொல்லுக்குச் செவிசாய்த்திருந்தால், ஜூலையில் அவ்வளவு குருதி சிந்தியிராது என்று எண்ண இடமுண்டு. 1857 ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நிகழ்ந்த இவ்வெழுச்சியின் நினைவாக வேலூரில் நினைவுத்தூண் உள்ளது. இதன் 200 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2006 இல் இந்திய அஞ்சல்துறை அஞ்சல்தலை வெளியிட்டது.

புழுதியின் நிறம்

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பாலராமபுரம், கைத்தறி வேட்டிக்கும் புடவைக்கும் பெயர் பெற்றது. தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் என்னும் நெசவாளர் சமூகத்தார் அங்கு அக்கலையை வளர்த்தனர். அவ்வூரின் வெண்ணிறத் துணி விழாக்களுக்கு அழகு சேர்ப்பது. எனினும் வெண்ணிறம் புழுதியில் விரைவில் அழுக்கேறும். வெயிலில் தொலைவிலிருந்தே கண்ணிற் படும். வெப்ப நாடுகளில் படைவீரர்க்குக் கொடுக்கப்பட்ட வெண்பருத்தி உடைக்கும் இவ்விரு குறைகளும் இருந்தன.

இதற்கு இந்தியாவின் வடமேற்கு எல்லையில் ஒரு தீர்வு பிறந்தது. 1846 ஆம் ஆண்டில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்பவர் 'கைட்ஸ்' என்னும் படையைத் திரட்டினார். மலையும் புழுதியும் நிறைந்த அந்நிலத்தில் உளவறிந்து போரிடுவது அப்படையின் பணி. அதற்கேற்பத் தளர்வான, மண்ணிறம் கொண்ட பருத்தி உடையை அவர் தெரிந்தெடுத்தார். பாரசீக மொழியில் 'காக்' என்றால் மண் அல்லது புழுதி. புழுதியின் நிறமுடையது 'காக்கி' ஆயிற்று.

தொடக்கத்தில் காக்கியைப் பலர் விரும்பவில்லை. பளபளப்பற்ற உடை படைக்குப் பெருமை தராது என்று கருதினர். ஆயினும் அறிவியல் வளர்ச்சி அவர்கள் எண்ணத்தை மாற்றியது. 1884 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வேதியியலார் பால் வியேய், புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். அதனால் போர்க்களத்தில் புகைத்திரை விலகியது. துப்பாக்கிகளும் நெடுந்தொலைவு குறிதவறாது சுடும் ஆற்றல் பெற்றன. புகையில் நண்பனைக் காட்டிய சிவப்பு நிறம், புகை விலகியபின் வீரனைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுத்தது. தென்னாப்பிரிக்காவில் 1880-81 இல் நடைபெற்ற போரில், குறிபார்த்துச் சுடுவதில் வல்லவரான போயர் உழவர்களிடம் ஆங்கிலேயர் தோற்றனர். 1899 இல் அங்கு மீண்டும் போர் மூண்டபோது ஆங்கிலேயப் படை காக்கியில் சென்றது. 1902 இல் காக்கியே அவர்களுடைய பொதுப் பணியுடை ஆயிற்று.

பிரான்சு நாட்டினர் இப்பாடத்தைக் காலம் தாழ்த்திக் கற்றனர். அவர்தம் காலாட்படையினர் சிவப்புக் காற்சட்டை அணிந்தனர். முதல் உலகப்போருக்கு முன்பே அதனை மாற்ற அந்நாட்டின் போர் அமைச்சர் முயன்றார். சிவப்பு நிறம் நாட்டின் பெருமை என்று கூறிப் பலர் தடுத்தனர். 1914 ஆகஸ்டு மாதத்தில் அதே உடையில் வீரர் களம் புகுந்தனர். அம்மாதம் 22 ஆம் நாள் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர் மாண்டனர். இயந்திரத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் திறந்தவெளித் தாக்குதலும் இதற்குக் காரணங்கள். கண்ணைப் பறிக்கும் உடையும் அவர்களுக்குத் துணை செய்யவில்லை. மறு ஆண்டில் வெளிர்நீல உடை வந்தது. பழம்பெருமை என்பதற்காகவே ஒன்றைப் பற்றிக்கொள்வது, அப்பெருமையைச் சுமப்பவரின் உயிருக்கே கேடாகலாம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மறைந்து நிற்கும் கலை

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' எனப்படும் பழம்பெரும் பலாமரம் ஒன்று போற்றப்பட்டு வருகிறது. இளவரசராயிருந்த மார்த்தாண்ட வர்மர், பகைவர் துரத்தியபோது அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது மரபுவழிச் செய்தி. சூழலோடு கலந்து பகைவர் கண்ணில் படாதிருப்பதும் போர்த்திறமே. இன்று இதனை 'உருமறைப்பு' என்று கூறுவர்.

உருமறைப்பிற்கு எல்லா இடத்திற்கும் ஏற்ற ஒரே நிறம் இல்லை. இரண்டாம் உலகப்போரில் இந்திய வீரர்கள் பர்மாவின் அடர்ந்த காடுகளில் சப்பானியரை எதிர்த்துப் போரிட்டனர். பாலைநிலத்தில் வீரரை மறைத்த காக்கி, பசுங்காட்டில் அவர்களைத் தனித்துக் காட்டியது. ஆகவே காட்டுப்பச்சை நிற உடை வந்தது. விடுதலைக்குப் பின்னும் இந்திய இராணுவம் பச்சை நிறத்தையே பணியுடைக்கு உரியதாகக் கொண்டது. காவல்துறை காக்கியிலேயே நின்றது. எல்லைச் சாலையில் காணும் வேறுபாட்டின் காரணம் இதுவே.

1984 முதல் இந்திய வீரர்கள் காவல் புரியும் சியாச்சின் பனிமலையில் பச்சையும் பயன்படாது. அங்கு மேலுடை வெண்ணிறமானது. ஒரே தடித்த உடைக்கு மாறாகப் பல அடுக்குகளாக உடுத்துகின்றனர். அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று, உடல்வெப்பம் வெளியேறாது தடுக்கிறது. அங்கு உடையின் முதற்பகைவன் குளிரே.

விடுதலை இந்தியாவின் சீருடை

1950 ஆம் ஆண்டில் இந்தியா குடியரசானபோது சீருடையில் வேறொரு மாற்றம் நேர்ந்தது. பதவிச் சின்னங்களில் இருந்த ஆங்கிலேய மணிமுடி நீங்கியது. அவ்விடத்தை அசோகரின் சிங்கத்தலைச் சின்னம் பெற்றது. வெயிலோ குளிரோ இதற்குக் காரணமன்று. வீரன் எவருக்காகப் போரிடுகிறான் என்பது மாறியதே காரணம்.

2022 சனவரி 15, இராணுவ நாளன்று புதிய களச்சீருடை ஒன்று தில்லியில் அறிமுகமாயிற்று. இராணுவமும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து இதனை உருவாக்கின. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த இதன் துணி எடை குறைந்தது, உறுதியானது, விரைவில் உலர்வது. பச்சையும் மண்ணிறங்களும் சிறுசிறு கட்டங்களாக இதில் அச்சிடப்பட்டுள்ளன. நேர்க்கோடுகளும் ஒரே நிறப் பரப்பும் மனித உருவத்தை எளிதில் காட்டிவிடும். சிதறிய கட்டங்கள் அவ்வுருவின் விளிம்பை மறைக்கின்றன. போலி உடை அணிந்து பிறர் முகாம்களுக்குள் நுழைவதைத் தடுக்கும்பொருட்டு, இத்துணி வெளிச்சந்தையில் விற்கப்படுவதில்லை.

2023 ஆகஸ்டு முதல், பிரிகேடியரும் அவருக்கு மேற்பட்ட பதவியினரும் படைப்பிரிவு வேறுபாடின்றி ஒரே வகைச் சீருடை அணிகின்றனர். பல படைப்பிரிவுகளுக்கும் பொதுவான தலைவர்கள், தாம் வளர்ந்த பிரிவின் அடையாளத்தை மட்டும் தாங்கி நிற்கலாகாது என்பது அதன் கருத்து.

இவ்வாறு ஒருமையைப் போற்றும் இந்திய இராணுவம், சீக்கிய வீரர்களின் தலைப்பாகையை அகற்றச் சொல்வதில்லை. சீருடைக்குரிய நிறத்தில் அமைந்த தலைப்பாகையே அவர்களுடைய சீருடையின் பகுதி. குடியரசு நாள் அணிவகுப்பில் அவர்கள் அத்தலைப்பாகையுடனேயே நடைபோடுகின்றனர். ஒரு தலைப்பாகையால் வேலூரில் குருதி சிந்தியது. மற்றொரு தலைப்பாகை தில்லியில் மதிப்புடன் அணிவகுக்கிறது. இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது.

தொகுப்புரை

சீருடை மாற்றங்களுக்குக் காரணங்கள் பல. நண்பனை அறிதல், பகைவனிடமிருந்து மறைதல், தட்பவெப்பத்தைத் தாங்குதல், நாட்டின் அடையாளத்தைக் காட்டுதல் என்பன அவற்றுட் சில. பிரான்சில் சிவப்புக் காற்சட்டையை விடமாட்டோம் என்றவர்கள் வெறும் பழக்கத்தைப் பெருமையாகக் கருதினர். வேலூரில் ஆணை பிறப்பித்தவர்களோ பிறரது தன்மதிப்பை வெறும் பழக்கமாகக் கருதினர். இரண்டுமே பிழை. எது மாற வேண்டிய பழக்கம், எது காக்க வேண்டிய மதிப்பு என்பதைப் பகுத்தறிய, உடையை அணிபவரிடம் கேட்பதே முதல் வழி.

அருஞ்சொற்பொருள்

ஆநிரை – பசுக்கூட்டம்
பொருவோர் – போரிடுவோர்
மதில் – கோட்டைச் சுவர்
கசையடி – சவுக்கடி
உருமறைப்பு – சூழலோடு கலந்து தோற்றத்தை மறைத்தல்
தன்மதிப்பு – சுயமரியாதை

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மதிலைக் காக்கும் வீரர் சூடிய பூ ________.
2. குளச்சல் போர் நடைபெற்ற ஆண்டு ________.
3. 'காக்' என்னும் பாரசீகச் சொல்லின் பொருள் ________.
4. பதவிச் சின்னங்களில் மணிமுடியின் இடத்தைப் பெற்றது ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. கரிய வெடிமருந்து பயன்பட்ட காலத்தில் பளிச்சிடும் நிறங்கள் ஏன் தேவைப்பட்டன?
2. பர்மாக் காடுகளில் காக்கி ஏன் பயன்படவில்லை?
3. புதிய களச்சீருடையின் துணி ஏன் வெளிச்சந்தையில் விற்கப்படுவதில்லை?

இ. ஒரு பத்தி அளவில் விடையளிக்க.
1. 1806 மே மாதத்தில் அதிகாரிகள் வேறு வகையில் நடந்திருந்தால் வேலூரில் என்ன நேர்ந்திருக்கும்? காரணம் காட்டி எழுதுக.
2. வேலூர்த் தலைப்பாகையையும் பிரான்சின் சிவப்புக் காற்சட்டையையும் ஒப்பிட்டு, ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.

ஈ. சொல்லறிவோம்.
1. வெட்சி – தெச்சி, தும்பை – தும்ப என்பன போலத் தமிழிலும் மலையாளத்திலும் சிறு மாற்றத்துடன் வழங்கும் ஐந்து பூப்பெயர்களை எழுதுக.
2. பிரித்து எழுதுக: பனம்பூ, வேப்பம்பூ, சீருடை, போர்க்களம்.

உ. செயல்திட்டம்
உங்கள் ஊரில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரைப் பெற்றோருடன் சென்று காண்க. அவர் பணியாற்றிய இடங்களில் அணிந்த உடைகள் யாவை, அவற்றுள் எது வசதியாக இருந்தது, எது துன்பம் தந்தது என்பவற்றைக் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக. அவர் மலையாளத்தில் கூறினால், கருத்து மாறாமல் தமிழில் எழுத முயல்க.